கைகட்ட வேண்டிய பக்கம்

நான் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது கணினிப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். 'ஐயா, நம் மாவட்டத்தில் தொலைவிலிருந்தே முதன்முதலில் லினக்ஸ் நிறுவிக் காட்டியது நீங்கள்தான் என்று பழைய அறிக்கையில் பார்த்தோம். அந்த வெற்றியைப் பற்றி ஒரு கட்டுரை தர வேண்டும்.' அறிக்கையின் பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருந்தார்கள். 'செயல்விளக்கம் வெற்றிகரமாக நடைபெற்றது. கிராம மையப் பணியாளர் கவனக்குறைவாக மின்இணைப்பைத் துண்டித்ததால் சில தரவுகள் இழக்கப்பட்டன' என்று அதில் அச்சாகியிருந்தது.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் முன்னால் வைத்த காப்பி ஆறிப்போனது. வெற்றிகரமாகவாம். சில தரவுகளாம். ஏழு வருஷம் கழித்தும் அந்த இரண்டு வரியும் அலுங்காமல் குலுங்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. கேட்டுவிட்டீர்கள் அல்லவா, பிள்ளைகளே, எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

எங்கள் நிறுவனத்துக்குக் கடலோர ஊர்களில் தகவல் மையம் நடத்துவது வேலை. மையத்துக்கு ஒரு கணினி, ஒரு தொலைபேசி, மாதா கோயில் உச்சியில் கட்டிய ஒரு குழாய் ஒலிபெருக்கி. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று தினமும் வரும் தகவலை ஊருக்கு வாசித்துச் சொல்வார்கள். நாகர்கோவில் அலுவலகத்தில் நான் கணினிப் பொறுப்பு. தட்டச்சராக உள்ளே நுழைந்தவன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மதுரையில் ஒரு வாரம் வகுப்புக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை மெஷின்களைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

மையங்கள் பதினாறு. ஆள் நான் ஒருத்தன். மையத்துக்குப் பாட்டு ஏற்ற வருகிறவர்கள் பென்டிரைவில் வைரஸையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். மாதத்துக்கு மூன்று கணினி படுத்துவிடும். சுசீந்திரத்தில் என் வீட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடற்கரைக்கு இன்னொரு பஸ், நிறுவி முடிக்க ஒரு பகல். எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றுவதென்று முடிவானபோது, இடத்தை விட்டு நகராமலேயே நிறுவ ஒரு வழி இருப்பதாகப் படித்தேன். நிறுவும் நிரலின் திரையையே வலைவழியாக என் மேசைக்கு வரவழைக்கலாம். அங்கே ஓட வேண்டிய சுட்டியை இங்கிருந்து ஓட்டலாம். இன்று நீங்கள் ஒரே கட்டளையில் நூறு கணினியைப் படைக்கிறீர்கள். அன்று அது எனக்கு மந்திரம்போல இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

ஆனால் மந்திரம் பாதிதான். மறுமுனையில் குறுந்தகட்டைப் போட்டு, கறுப்புத் திரையில் முதல் வரியைத் தட்டச்ச ஓர் ஆள் வேண்டும். அந்த வரியில் ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு. கடியப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றில் மையத்தை நடத்திய பிரிஜிட், நிறுவாமல் அந்த வரியை மட்டும் தட்டிப் பார்த்த ஒத்திகையில், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு. நான் தொலைபேசியில் 'வி' என்றால் அது வி-யா பி-யா என்று தெளிவாகக் கேட்காது. அவளோ ஞானஸ்நானப் பெயர்களாக மாற்றிச் சொல்லிக் காட்டுவாள்.

"வின்சென்ட்டுக்க வி, நிக்கோலாசுக்க என், சிசிலிக்க சி. செரியா சாரே?"

"சரி. அடுத்து ஓர் இடம் விடு."

"விட்டாச்சி. இனி யாரு வாறா?"

அப்படியே பதினாறு மையத்துக்கும் அந்தப் பெயர்ப் பட்டியலை அனுப்பிவைத்தேன். அந்த வரி சரியாக விழுந்ததும் அங்கிருக்கும் கணினி என் கணினியைக் கூப்பிடும். என் மேசையில் ஒரு சன்னல் திறக்கும். அந்த ஊர்த் திரை மேலிருந்து கீழாக, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, பட்டை பட்டையாக வந்து நிறையும். நாம் சுட்டியை நகர்த்தி இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் அங்கே நகரும்.

மொழி, விசைப்பலகை, நேரம் என்று வரும் பக்கங்களில் பயமில்லை. கணினியின் வன்வட்டைப் பிரிக்கும் பக்கம் ஒன்று வரும். அதற்கு நான் வைத்த பெயர் கைகட்டும் பக்கம். எங்கள் கணினிகளில் வட்டை இரண்டு பகுதியாகப் பிரித்திருந்தோம். முதல் பகுதியில் இயங்குதளம், இரண்டாவதில் ஊர்க்காரர்களின் விவரம். முதல் பகுதியை மட்டும் அழித்து நிறுவ வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் முதலில் நிற்கும் தேர்வு 'வட்டு முழுவதையும் பயன்படுத்து' என்பது. அடுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொடுக்கினால் இரண்டும் போகும். ஆகவே அந்தப் பக்கம் வந்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்து மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வேன். தொலைபேசியில் அங்கிருப்பவர் கணினிப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்க வேண்டும்: எந்தப் பகுதி, எவ்வளவு அளவு, எதைத் தொடக் கூடாது. நான் திரும்ப வாசிப்பேன். 'செரி, போடுங்க' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கையை அவிழ்ப்பேன். பன்னிரண்டு மையங்களை இப்படி மாற்றி முடித்தேன். ஒரு பெயர்கூட அழியவில்லை.

பிரிஜிட்டின் கணினியில் இரண்டாம் பகுதியில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும். தங்கலுக்குப் போகிறவர்களின் பட்டியல் அது. நாலு நாள், பத்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதைத் தங்கல் என்பார்கள். எந்த வள்ளம், யார் யார், எப்போது திரும்புவார்கள், கூப்பிட எந்த எண். இந்தப் பட்டியலை மற்ற மையங்களில் யாராலும் உருப்படியாகச் சேர்க்க முடியவில்லை. ஏனென்றால் கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து 'எங்க போறே, எப்ப வருவே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவன் முகம் சுளித்து, சில வேளை வலையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடுவான். பிரிஜிட் ஆண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்கால ஜெபம் முடிந்து வரும் பெண்களோடு நடப்பாள். அவர்களாகச் சொல்வார்கள். வள்ளம் போய் ஒரு பொழுது கழிந்த பிறகு, போகிற போக்கில் சொல்வார்கள். நாலு வருஷம் அப்படி நடந்து சேர்த்த நம்பிக்கை அது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதினாள். அதைப் பிடுங்கியவர் எங்கள் திட்ட இயக்குநர் ரகுநாதன். 'காகிதமில்லா மையம்' என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அந்த நோட்டைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், பழைய முறைக்கு மாதிரி என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவாராம்.

ரகுநாதன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரையும் சார் போட்டுத்தான் பேசுவார், கடைநிலை ஊழியரையும். ஆனால் நாம் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாரென்றால் இரண்டு நிமிஷம்தான் பொறுப்பார். "ஒரு நிமிஷம் சார்" என்று கை வரும். நம் கை சுட்டியின் மேல் இருக்கும், அவர் கை நம் கைமேல் இருக்கும். நாம்தான் உருவிக்கொள்ள வேண்டும். பிறகு சடசடவென்று நாலு சொடுக்கு. "சிம்பிள் சார். ஏன் இவ்ளோ யோசிக்கறீங்க?" எச்சரிக்கைப் பெட்டி எதுவும் அவர் முன்னால் ஒரு நொடி நின்றதில்லை. அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பார்.

2009 கடைசியில், உதவி தருகிற வெளிநாட்டு அமைப்பிலிருந்து மூன்று பேர் சென்னைக்கு வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னே ஒரு குக்கிராமத்துக் கணினியில் தொலைவிலிருந்து லினக்ஸ் நிறுவிக் காட்ட வேண்டும் என்றார் ரகுநாதன். மாற்றாமல் மிஞ்சியிருந்த நாலில் பிரிஜிட்டின் மையத்தைத் தேர்ந்தெடுத்தார். என் மேசைத் திரை சென்னையில் சுவரில் தெரிய வேண்டும். பார்க்க மட்டும் முடிகிறபடி அமைத்துத் தருகிறேன் என்றேன். "வெறும் பார்வையாளரா சார்? ஒரு அவசரம்னா என்ன பண்றது?" என்றார். என் சுட்டியை அவரும் ஓட்டும்படி திறந்துவிட்டேன். அவர் கையை அறிந்தவன் நான், அறிந்தே திறந்துவிட்டேன்.

அன்று காலை பத்து மணிக்கே இணைப்பைச் சோதித்தோம். கடற்கரைப் பக்கம் வானம் மூட்டமாக இருப்பதாகப் பிரிஜிட் சொன்னாள். இரண்டாம் பகுதியைப் பிரதி எடுக்க நேரம் இருக்கவில்லை. பதினொரு மணிக்குச் சென்னையில் விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். வின்சென்ட்டும் நிக்கோலாசும் சிசிலியும் வந்து சேர்ந்தார்கள். சன்னல் திறந்தது. மொழி, விசைப்பலகை, நேரம் எல்லாம் தாண்டிக் கைகட்டும் பக்கம் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். தொலைபேசியைத் தோளில் இடுக்கியிருந்தேன்.

"வாசி மக்கா."

"ஒண்ணாம் பகுதி, பதினஞ்சு ஜிபி. அழிக்கலாம். ரெண்டாம் பகுதி..."

திரையில் சுட்டி தானாக நகர்ந்தது.

என் கை இரண்டும் மார்பில் இருக்கின்றன. சுட்டி 'அடுத்து' என்பதை நோக்கிப் போகிறது. "சார், தொடாதீங்க" என்று சென்னைக்குச் சொல்ல இன்னொரு தொலைபேசியை எடுப்பதற்குள் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. 'மாற்றங்களை வட்டில் எழுதவா, திரும்பிப் போகவா' என்று கேட்டது. அது என் திரையில் முழுதாக வரைந்து முடிவதற்குள்ளேயே மறைந்தது. எழுது என்று சொடுக்கிவிட்டார். நீலப் பட்டை ஓட ஆரம்பித்தது.

"பிரிஜிட், பிளக்கைப் புடுங்கு" என்று கத்தினேன். திரை அப்படியே உறைந்தது. அதற்குள் பட்டியல் போய்விட்டிருந்தது.

சென்னையில் அந்த அறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன். ரகுநாதன் விருந்தினர்கள் பக்கம் திரும்பி, கிராமங்களில் மின்சாரம் இப்படித்தான், அதனால்தான் தங்கள் உதவி தேவைப்படுகிறது என்றாராம். அவர்கள் தலையாட்டினார்களாம். தேநீர் வந்ததாம்.

பன்னிரண்டரைக்கு மையத்துத் தொலைபேசியில் எச்சரிக்கைத் தகவல் வந்தது. தென்கடலில் காற்று வலுக்கும், கடலில் இருப்பவர்கள் உடனே கரை சேர வேண்டும். அப்போது நான் அவள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். பட்டியல் இருந்திருந்தால் பிரிஜிட் ஒரு பக்கத்தைத் திறந்து, வரிசையாக எண்களைக் கூப்பிட்டிருப்பாள். இப்போது அவளிடம் ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியில் 'யார் வீட்டு ஆள் கடலில் இருக்கிறார்' என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் ஊர் முழுதும் ஒப்பாரி எழும்பும். வீடு வீடாகப் போய்க் கேட்டாலும் அதேதான். காற்று வீசும்போது மையத்துக்காரி வாசலில் வந்து நின்று உன் புருஷன் எங்கே என்றால் ஒரு பெண் என்ன நினைப்பாள்?

நான் இறங்கி நடக்கும்போது கோயில் உச்சியிலிருந்து அவள் குரல் கேட்டது. பதறாத குரல்.

"இன்னைக்கு ஆம்பிளையாளுவ கரையில இருக்கிற வீட்டுப் பொம்பளையாளுவ மட்டும் ஒடனே மையத்துக்கு வாங்க. மத்தவிய வரண்டாம். கரையில ஆளு இருக்கிற வீடு மட்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மையத்தில் போய்ப் பார்த்தால் பெண்கள் வரிசையாக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பங்குச் சாமியாரிடமிருந்து அன்பிய நோட்டை வாங்கி வைத்திருந்தாள். முப்பது முப்பது வீடுகளாகச் சேர்த்து அன்பியம் என்பார்கள். ஊரில் உள்ள எல்லாக் குடும்பமும் அதில் உண்டு. வந்த வீட்டையெல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே போனாள். விதவைகளின் வீட்டை அடித்தாள். ஆள் கல்ஃபில் இருக்கும் வீட்டை அடித்தாள். மூன்று மணிக்கு அடிபடாமல் நாற்பத்தொரு வீடு மிஞ்சியது.

"இவியதான் சாரே. ஒம்பது வள்ளம்."

ஒருத்தியிடமும் அவள் கேட்கவில்லை. கடலில் ஆள் இருக்கும் வீட்டுக்காரி ஒருத்தியும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. வள்ளத்துக்காரர்களின் எண்களைத் தேடி, பக்கத்து ஊர் மையங்களையும் துறைமுகங்களையும் கூப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் எட்டு வள்ளத்துக்குச் செய்தி போய்விட்டது. ஒன்பதாவது வள்ளத்தைப் பற்றி இரண்டு நாள் தகவல் இல்லை. அதில் ஆறு பேர். அந்த இரண்டு நாளும் பிரிஜிட் மையத்தைப் பூட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் கேரளத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். ஆறு பேரும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு எங்கள் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? குறிப்பாணை அனுப்பியது. இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, நிறுவல் நடக்கும்போது மின்இணைப்பைத் துண்டித்தது. இரண்டு, முன்கூட்டிப் பிரதி எடுக்கத் தவறியது. எனக்கும் விளக்கம் கேட்டு ஒன்று வந்தது. முதல் குற்றச்சாட்டுக்கு நான் நாலு பக்கம் எழுதினேன். பிளக்கைப் பிடுங்கச் சொன்னது நான், பொத்தானைச் சொடுக்கியது சென்னையிலிருந்து வந்த கை என்று நேரத்தோடு எழுதினேன். ரகுநாதனை எதிர்த்து எழுத வேண்டாமென்று அலுவலகத்தில் நாலு பேர் தடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். ஆனால் அறிக்கை அதற்கு முன்பே அச்சாகிப் போய்விட்டது. நீங்கள் படமெடுத்து அனுப்பியது அதைத்தான். இரண்டாவது குற்றச்சாட்டை வைத்து, பிரிஜிட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அவள் போன பிறகு அந்த ஊர்ப் பெண்கள் மையத்தில் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. ரகுநாதன் இரண்டு படி மேலே போனார். நல்ல பேச்சாளர், இப்போதும் கூட்டங்களில் பேசுகிறாராம்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, அவள் பெயரைப் போடுவதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று தோன்றியது. எண்ணைத் தேடிப் பிடித்தேன். மணவாளக்குறிச்சியில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"எனக்க பேர நல்லாப் போடுங்க சாரே. பிளக்கப் புடுங்குனது நான்தான். அத மாத்தாண்டாம்."

"நான் சொல்லித்தானே புடுங்கினே."

"நீங்க சொல்லுகதுக்கு முன்னயே கை பிளக்குலதான் இருந்து. பெட்டியில லைட்டு மினுங்குகத வச்சே தெரிஞ்சி போச்சி, கேட்டியளா."

சிரித்தாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த இடத்தில் "அது இன்னும் அங்கதான் இருக்கா?" என்றாள். அன்றைய காலையை வாசிக்கும்போது நிறுத்தச் சொன்னாள்.

"பிரதி எடுக்க நேரம் இல்லேன்னு எழுதியிருக்கிய. அது அப்பிடி இல்லியே சாரே."

"பின்னே?"

"அரை மணிக்கூர் தாங்க, பென்டிரைவ்ல ஏத்திட்டு வாறேன்னு நான் கேட்டேன்லா. ஒண்ணும் ஆவாது மக்கா, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னிய."

"சென்னையில அவரு..."

"அவர்ட்ட நான் கேக்கல்ல. ஒங்ககிட்டதான் கேட்டேன்."

குரலில் கோபமே இல்லை. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பழைய பெட்டியைத் திறந்து, அன்று நான் கொடுத்த விளக்கத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் குற்றச்சாட்டுக்கு நாலு பக்கம். இரண்டாவதற்கு ஒரே வரி: 'பிரதி எடுக்க நேரம் இருக்கவில்லை.' அவள் கேட்டாள், நான் மறுத்தேன் என்று அந்த இடத்தில் எழுதியிருந்தால், அந்தக் குற்றச்சாட்டு அவள்மேல் ஒரு நாள்கூட நின்றிருக்காது. என்மேல் வந்திருக்கும். நாலு பக்கம் தைரியமாக எழுதியவன் அந்த ஒரு வரியில் ஒளிந்துகொண்டேன். ஒளிந்தது எனக்கே மறந்துபோகும் அளவுக்கு ஏழு வருஷமாக அடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் பார்ப்பதற்காக. அதற்கு நேராக இதையும் அச்சடியுங்கள். பிரிஜிட் அரை மணி நேரம் கேட்டாள். அப்போது மணி பத்தே கால். செயல்விளக்கம் பதினொன்றுக்கு. நேரம் இருந்தது. நான் கொடுக்கவில்லை.